கார் சஸ்பென்ஷன்: கம்பெனி பார்ட்டா, வெளி பார்ட்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் ஒரு உதிரிபாகக் கடையின் கவுண்டரில் ஒன்பது வருடம் நின்றிருக்கிறேன். அப்புறம் சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை போட்டேன். இரண்டு இடத்திலும் அதிகம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, கம்பெனி பார்ட்தான் போடணுமா, வெளியில வாங்கினா போதுமா?" இன்ஜின் ஆயிலுக்கும் வைப்பருக்கும் இதைக் கேட்டால் நிதானமாகப் பேசலாம். சஸ்பென்ஷனுக்குக் கேட்கும்போது மட்டும் எதிரே நிற்பவரை உட்காரச் சொல்லிவிடுவேன். சக்கரத்தைக் காரோடு பிடித்து வைத்திருப்பதே இந்தச் சாமான்கள்தான்.

எடுத்துக்காட்டு தேவைப்படும் இடங்களில் 2011 முதல் 2018 தொடக்கம் வரை விற்ற ஸ்விஃப்டை எடுத்துக்கொள்கிறேன். முன்னால் மேக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண். பின்னால் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் இரும்புச் சட்டம். நம் ஊரில் ஓடும் சின்னக் கார்கள் பலவற்றில் இதே அமைப்புதான் என்பதால், சொல்வதில் பெரும்பகுதி உங்கள் காருக்கும் பொருந்தும்.

கம்பெனி பார்ட், ஓஇ, ஆஃப்டர் மார்க்கெட், லோக்கல், டூப்ளிகேட். இவற்றுக்குள் என்ன வித்தியாசம்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பெரும்பாலான கார் கம்பெனிகள் ஷாக் அப்சார்பரைத் தாங்களே செய்வதில்லை. பால் ஜாயிண்ட் (சக்கரத்தைக் கீழே பிடிக்கும் உருண்டை மூட்டு), டை ராட் எண்ட் (ஸ்டியரிங் தண்டைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு), வீல் பேரிங் எல்லாமே பெரும்பாலும் வேறு ஆலைகளில் செய்து வாங்குபவை. அந்தச் சாமானைக் கார் கம்பெனி தன் பெட்டியில், தன் பார்ட் நம்பரோடு விற்றால் அதைத்தான் நாம் கம்பெனி பார்ட் என்கிறோம். மாருதிக்கு மாருதி ஜெனுயின் பார்ட்ஸ், ஹூண்டாய்க்கும் கியாவுக்கும் மோபிஸ்.

கார் ஆலைக்குச் சாமான் தருகிற உற்பத்தியாளரே தன் சொந்தப் பெயரில் கடைகளுக்கும் விற்கிறார். கவுண்டரில் இதை ஓஇ, அதாவது ஒரிஜினல் எக்விப்மென்ட், என்று சொல்வார்கள். 1961-இல் தொடங்கிய கேப்ரியல் நிறுவனம் கார், பைக் ஆலைகளுக்கு ஷாக் அப்சார்பர் தருகிறது, கடைக்கும் தருகிறது. ஓசூரிலேயே அவர்களுக்கு ஆலை இருக்கிறது. சென்னையின் ராணே குழுமம் ஸ்டியரிங், டை ராட், பால் ஜாயிண்ட் வகைகளில் பழைய கை. ஜெர்மன் கார்களுக்கு லெம்ஃபோர்டர், சாக்ஸ். இரண்டுமே இசட்எஃப் குழுமத்தின் பெயர்கள்.

கார் ஆலைக்கு நேரடியாகத் தராவிட்டாலும் தன் பெயரைப் போட்டு, பில்லும் உத்தரவாதமும் தந்து விற்கிற நிறுவனங்கள் அடுத்த வகை. இதுதான் உண்மையான ஆஃப்டர் மார்க்கெட். இதில் நல்லதும் உண்டு, சுமாரானதும் உண்டு.

லோக்கல் என்பது பெயரே இல்லாமல், அல்லது இன்று இருந்து நாளை மறைகிற ஒரு பெயரில் வருவது. விலை குறைவு. கெட்டுப்போனால் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாது.

டூப்ளிகேட் இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு. லோக்கல் சாமான் தன்னை லோக்கல் என்றே காட்டிக்கொள்கிறது. டூப்ளிகேட் கம்பெனிப் பெட்டிக்குள் உட்கார்ந்து பொய் சொல்கிறது. கம்பெனி விலையைக் கொடுத்து லோக்கலைவிட மோசமானதை வாங்கிப் போகிற நிலை அதில்தான் வரும்.

ஒரே ஆலையில் செய்ததென்றால், கம்பெனிப் பெட்டியும் ஓஇ பெட்டியும் ஒன்றுதானே?

பல நேரங்களில் ஒன்றுதான். லெம்ஃபோர்டர் ஆர்ம்களில், அதாவது சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் இரும்புக் கைகளில், கார் கம்பெனியின் சின்னம் இருந்த இடத்தைக் கிரைண்டர் வைத்து அழித்துவிட்டு வெளியே விற்பதைப் பார்க்கலாம். அதே வார்ப்பு, அதே ஜாயிண்ட், சின்னம் மட்டும் இருக்காது. இந்த மாதிரி இடத்தில் கம்பெனிப் பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கிற பணம் அட்டைக்கும் சின்னத்துக்கும்தான்.

ஆனால் ஷாக் அப்சார்பரில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஷாக்கின் குணம் உள்ளே இருக்கும் வால்வில் இருக்கிறது. கார் கம்பெனி ஒவ்வொரு மாடலுக்கும் வால்வின் இறுக்கத்தைத் தனியாகக் குறித்துக் கொடுக்கும். அதே உற்பத்தியாளர் வெளிச் சந்தைக்கு விற்கும்போது இரண்டு மூன்று வேரியண்டுகளுக்கு ஒரே நம்பரை வைப்பதுண்டு. தவறான சாமான் என்று சொல்ல முடியாது, ஓட்டும்போது கொஞ்சம் கெட்டியாகவோ இளகலாகவோ தெரியும். பொருத்தியபின் "பழைய மாதிரி இல்லையே" என்று வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

எந்தப் பார்ட்டுக்குக் கம்பெனி வேண்டும், எதற்கு வெளியில் போதும்?

நான் முடிவெடுப்பது ஒரே கேள்வியை வைத்துத்தான்: இந்தச் சாமான் ஓடும்போது உடைந்தால் என்ன ஆகும்?

பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். டை ராட் எண்ட் கழன்றால் ஒரு பக்கச் சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது இரண்டில் ஒன்று நடந்தால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். எனவே பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், ராக் எண்ட் (டை ராட் எண்டை ஸ்டியரிங் பெட்டியோடு இணைக்கும் உள் மூட்டு), பால் ஜாயிண்ட் சேர்ந்து வருகிற லோயர் ஆர்ம் ஆகிய நான்கிலும் கம்பெனி பார்ட், இல்லையென்றால் பெயர் தெரிந்த ஓஇ. இதற்குக் கீழே இறங்கச் சொன்னால் வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிடுவேன். பணத்துக்காகச் சொல்வதாகச் சிலர் நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

வீல் பேரிங்கை ஏறக்குறைய அதே வரிசையில் வைக்கிறேன். ஆனால் இங்கே கம்பெனிப் பெட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் தேவையில்லை. எஸ்கேஎஃப், எஃப்ஏஜி, டிம்கன், என்பிசி போன்ற பேரிங் கம்பெனிகளின் அசல் சரக்கு தாராளமாகப் போதும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் சில பேரிங்குகளின் ஒரு முகத்தில் காந்தப் பட்டை இருக்கும். எந்தப் பக்கம் சென்சாரைப் பார்க்க வேண்டும் என்று மெக்கானிக்குக்குத் தெரிந்திருக்க வேண்டும். திருப்பி அடித்துவிட்டால் ஏபிஎஸ் விளக்கு அணையாது.

ஷாக் அப்சார்பரில் என் முதல் தேர்வு ஓஇ. விலை வித்தியாசம் கணிசமாக இருக்கும், ஓட்டத்தில் வித்தியாசம் சிலருக்கே தெரியும். வண்டி புதிதாக இருந்த அன்று எப்படி மிதந்ததோ அப்படியே வேண்டும் என்கிறவர் கம்பெனி போடட்டும். பெயரில்லாத ஷாக்கை மட்டும் தொடாதீர்கள். ஷாக் செத்துப்போனால் வண்டி துள்ளுகிறது, அசௌகரியம், அவ்வளவுதானே என்று நினைக்கிறார்கள். மேடு பள்ளத்தில் டயர் தரையை விட்டுவிட்டுத் தொடும். அந்த நேரத்தில் பிரேக் போட்டால் வண்டி நிற்க அதிக தூரம் ஓடும்.

காயில் ஸ்பிரிங் எளிதில் கெடாது. கெட்டால் பெரும்பாலும் துருவினால்தான். கடற்கரையோரம் ஓடும் வண்டிகளில், கிழக்குக் கடற்கரைச் சாலை ஊர்களிலும் தூத்துக்குடிப் பக்கமும், மேல் பூச்சு உரிந்த இடத்தில் துரு பிடித்து அடிச்சுருள் உடைகிறது. உடைந்த முனை டயரைக் கிழிக்கும். ஸ்பிரிங் எப்போதாவது ஒருமுறை மாற்றுகிற சாமான், கம்பெனியே வாங்கிவிடுங்கள்.

ஸ்டெபிலைசர் லிங்க்கில்தான், அதாவது மெக்கானிக்குகள் லிங்க் ராட் என்று சொல்வதில்தான், கையைக் கொஞ்சம் தளர்த்தலாம். ஸ்பீட் பிரேக்கர் ஏறும்போது முன்னால் "டக் டக்" என்று கேட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதையே. அது உடைந்தாலும் வளைவில் வண்டி கூடுதலாகச் சாயும், சத்தம் போடும், மெதுவாக ஓட்டி வீட்டுக்கு வந்துவிடலாம். நல்ல ஆஃப்டர் மார்க்கெட் பெயர் எதுவும் சரி. வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் டி புஷ், அதாவது ரப்பர் பிடிப்பு, சின்னக் காசு, அதில் மிச்சம் பார்க்க ஒன்றுமில்லை.

ஸ்ட்ரட் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் மேல் தாங்கி), பம்ப் ஸ்டாப் (ஷாக் கடைசிவரை அமுங்கும்போது அடி வாங்கும் கட்டை), டஸ்ட் பூட் (தூசி உறை) மூன்றும் ரப்பர். ரப்பரில் தரம் வெளியே தெரியாது, ஒரு கோடை தாண்டினால்தான் தெரியும். கம்பெனி அல்லது ஓஇ.

பெட்டிக்குள் இருப்பது அசல்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கவுண்டரில் நின்ற காலத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். வழக்கமாக எங்களுக்குச் சரக்கு தருகிறவர் இல்லாமல், அவசரத்துக்கு வேறு ஒருவரிடம் ஒரு ஜோடி லோயர் ஆர்ம் வாங்கினோம். பெட்டி பளபளவென்று இருந்தது, ஹோலோகிராமும் இருந்தது. நாலு மாதத்தில் வாடிக்கையாளர் திரும்பி வந்தார். பால் ஜாயிண்ட்டின் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, உள்ளே மண். பழைய கம்பெனி ஆர்மைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வெல்டிங் கோடு சீராக இல்லாததும், தகடு மெலிந்திருந்ததும் தெரிந்தது. அந்த மனிதர் குழந்தைகளோடு அதே வண்டியில் பழனி போய் வந்திருந்தார். அன்றிலிருந்து பெட்டியைப் பார்த்து எதையும் நம்புவதில்லை, சாமானை வெளியே எடுத்துப் பார்ப்பேன்.

நீங்களும் அப்படியே பாருங்கள். பெட்டியில் உள்ள பார்ட் நம்பர், எம்ஆர்பி, தயாரித்த மாதம், அச்சின் கூர்மை எல்லாம் சரியா? சாமானின் மேலேயே வார்ப்பு எழுத்தோ குத்திய எண்ணோ இருக்கிறதா? வெல்டிங் ஒரே சீராக ஓடுகிறதா? பால் ஜாயிண்ட்டைக் கையால் அசைத்தால் கனமாக, பிடித்துப் பிடித்து நகர வேண்டும். தொளதொளவென்று ஆடினாலும் தப்பு, அசையவே மறுத்தாலும் தப்பு. பழையதைக் கையோடு கொண்டுபோய் எடையை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். டூப்ளிகேட் இரும்பில்தான் முதலில் கை வைக்கும்.

ரப்பர் சாமானில் தயாரித்த தேதியைக் கட்டாயம் பாருங்கள். அசலாகவே இருந்தாலும், ஆறேழு வருடம் வெயிலடிக்கும் அலமாரியில் கிடந்த புஷ் உங்களுக்கு வேண்டாம்.

பெட்டி பிரித்தபின் அதை அப்படியே குப்பையில் போடாதீர்கள், கிழித்துப் போடுங்கள். காலிப் பெட்டிக்கு விலை கொடுத்து வாங்கி, அதில் டூப்ளிகேட்டை நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

என் ஸ்விஃப்ட் டீசல். பெட்ரோல் வண்டியின் ஷாக் இருக்கிறது, பொருந்துமா?

போல்ட் துளை பொருந்தலாம், வண்டி பொருந்தாது. டீசல் ஸ்விஃப்ட் பெட்ரோலைவிட ஏறக்குறைய 100 கிலோ கனம், அதில் பெரும்பகுதி முன்னால் இருக்கும் இன்ஜினில். மெலிந்த ஸ்பிரிங்கும் ஷாக்கும் அந்தக் கனத்தில் தாழ்ந்து நின்று, பள்ளத்தில் அடி வாங்கும். எப்போதும் ஆர்சியில் உள்ள 17 எழுத்து சேசிஸ் நம்பரைக் கொடுத்துப் பார்ட் நம்பரைக் கேளுங்கள். வெளி பார்ட் வாங்கினாலும் சரி, முதலில் கம்பெனி பார்ட் நம்பர் தெரிய வேண்டும். அதற்கு இணையான நம்பரை ஆஃப்டர் மார்க்கெட் கேட்டலாக்கில் கண்டுபிடிப்பது கடைக்காரர் வேலை. "ஸ்விஃப்ட்டுக்கு ஒரு ஜோடி ஷாக்" என்று மட்டும் கேட்டால், கையில் என்ன இருக்கிறதோ அதுதான் வரும்.

ஒரு பக்கம் மட்டும் லீக் ஆகிறது. ஒன்றை மட்டும் மாற்றலாமா?

ஷாக், ஸ்பிரிங் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் 60,000 கிலோமீட்டர் ஓடியது என்றால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். லிங்க், டை ராட் எண்ட், பேரிங் ஆகியவற்றை ஒன்றாக மாற்றலாம்.

ஷாக்கின் மேல் லேசாக எண்ணெய்ப் பிசுபிசுப்பும் அதில் தூசியும் ஒட்டியிருந்தால் அது லீக் இல்லை. எண்ணெய் கீழ்வரை வழிந்து ஈரமாக இருந்தால்தான் லீக். இந்த வித்தியாசத்தைக் காட்டாமலேயே ஷாக் விற்கிற இடங்கள் உண்டு, கீழே குனிந்து நீங்களே பாருங்கள்.

கம்பெனி பார்ட்தான் போட்டேன். ஆறு மாதத்தில் பழையபடி சத்தம். ஏன்?

எனக்கு மிகவும் வருத்தம் தருகிற கேள்வி இது. ஏனென்றால் பெரும்பாலும் பார்ட் குற்றவாளி இல்லை, பொருத்திய கைதான்.

லோயர் ஆர்ம் புஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒரு வளையம், உள்ளே ஒரு இரும்புக் குழாய், நடுவே இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் வண்டியோடு பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஆர்ம் ஏறி இறங்குவதெல்லாம் ரப்பர் முறுக்குவதால்தான். இப்போது வண்டி லிஃப்ட்டில் தொங்குகிறது, சக்கரம் கீழே இறங்கி நிற்கிறது. மெக்கானிக் அந்த நிலையிலேயே முழுதாக இறுக்கிவிடுகிறார். வண்டி தரையில் இறங்கியதும் ஆர்ம் மேலே ஏறும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும். நின்ற இடத்திலேயே முறுகி நிற்கும் புஷ் எத்தனை நாள் தாங்கும்? சில மாதங்களில் கிழியும். கம்பெனிப் பெட்டியும் கிழியும், லோக்கலும் கிழியும்.

சரியான முறை இதுதான். போல்ட்டைக் கையளவில் மாட்டிவிட்டு, சக்கரத்தின் மேல் வண்டியின் எடை வந்தபின், ஓடும்போது எந்த உயரத்தில் நிற்குமோ அந்த உயரத்தில், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் சாவி) வைத்துக் கடைசி இறுக்கு. தாழ்வான ரேம்ப் இருந்தாலே போதும், இல்லையென்றால் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அந்த உயரத்துக்கு ஏற்றலாம். கூடுதலாக ஆகிற நேரம் பத்து நிமிடம்.

ஷாக்கிலும் இதே கதை. மேல் நட்டைக் கழற்ற, இறுக்க இம்பாக்ட் கன் பிடிக்கும்போது ராட் சேர்ந்து சுற்றும். சுற்றாமல் இருக்க நடு ராடைக் கட்டிங் பிளேயரால் கவ்வுவார்கள். அந்த ராடின் மேல் உள்ள குரோம் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அது ஆயில் சீலை அறுக்கும். ராடின் தலையில் சாவி பிடிக்க இடம் கொடுத்திருப்பது இதற்காகத்தான்.

புது ஷாக்கைப் பெட்டியிலிருந்து எடுத்து நேரே மாட்டுவதும் தப்பு. பெட்டிகள் கடையில் படுக்கையாகக் கிடந்திருக்கும், எண்ணெய்க்குள் காற்றோ வாயுவோ புகுந்திருக்கும். நிமிர்த்தி வைத்து நாலைந்து முறை முழுதாக அழுத்தி இழுத்துவிட்டு மாட்ட வேண்டும். ஸ்பிரிங்கின் கீழ் முனை அதற்கென்று உள்ள படியில் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய ஸ்ட்ரட் மவுண்ட்டையே புது ஷாக்கின் மேல் போட்டால், ஸ்டியரிங் திருப்பும்போது வரும் "கடகட" போகவே போகாது. பிறகு பழி ஷாக்கின் மேல் விழும்.

எல்லாம் முடிந்தபின் வீல் அலைன்மென்ட். டை ராட், ஆர்ம், ஸ்ட்ரட் எதைத் தொட்டாலும் கட்டாயம். இல்லையென்றால் மிச்சம் பிடித்த பணத்தை டயர் தின்றுவிடும்.

எனவே கையில் குறைந்த பணம் இருக்கிறவருக்கு நான் சொல்வது: நல்ல ஓஇ பார்ட் வாங்குங்கள், மிச்சத்தை டார்க் ரெஞ்ச் வைத்திருக்கிற மெக்கானிக்குக்குக் கூலியாகக் கொடுங்கள்.

முழு லோயர் ஆர்ம் மாற்றச் சொல்கிறார்கள். புஷ் மட்டும் போட முடியாதா?

பால் ஜாயிண்ட் இறுக்கமாக இருந்து, ஆர்ம் வளையாமல், துருவாமல் இருந்தால் புஷ் மட்டும் போடலாம். ஆனால் ஹைட்ராலிக் பிரஸ் உள்ள இடத்தில் செய்யுங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றிய புஷ் கோணலாக உட்காரும், ஆர்மின் வாயும் அகன்றுவிடும். சில புஷ்களில் ஒரு பக்கம் இடைவெளியும் ஒரு பக்கம் கெட்டியுமாக இருக்கும். அவற்றை எந்தத் திசையில் வைக்க வேண்டும் என்று பழைய புஷ்ஷின் மேல் முதலிலேயே கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பால் ஜாயிண்ட்டும் ஆர்மோடு சேர்ந்தது, வண்டியும் 80,000 தாண்டியது என்றால் முழு ஆர்மே மேல். இன்று புஷ்ஷுக்கு ஒரு கூலி, ஆறு மாதம் கழித்து ஜாயிண்ட்டுக்கு மறுபடி அதே கூலி என்று ஆகிவிடும்.

பாலியூரிதேன் புஷ் நீண்ட நாள் உழைக்கும், வளைவில் வண்டி துல்லியமாகத் திரும்பும். ஆனால் ரோட்டின் அதிர்வு முழுதும் உள்ளே வரும், சில நேரம் கீச்சிடும். வீட்டுக்கு ஓட்டும் வண்டிக்கு நான் போடுவதில்லை.

வெளியில் பார்ட் போட்டால் வாரண்டி போய்விடும் என்று சர்வீஸ் சென்டரில் சொல்கிறார்களே?

2014 ஆகஸ்ட் 25-ஆம் தேதி இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்கள் வெளிச் சந்தையில் தாராளமாகக் கிடைக்காமல் கட்டுப்படுத்தினார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. வெளிப் பட்டறையில் வேலை பார்த்தாலே வாரண்டி மொத்தமாக ரத்து என்று நிபந்தனை போடக் கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் சேதம் வந்தால் அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்று அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீடு போனது தனிக் கதை.

நடைமுறைக்கு வருவோம். வண்டி வாரண்டிக்குள் இருந்தால் சஸ்பென்ஷன் குறை எதையும் முதலில் சர்வீஸ் சென்டரிலேயே காட்டுங்கள். இலவசமாகக் கிடைக்க வேண்டியதை வெளியே காசு கொடுத்து ஏன் மாற்ற வேண்டும்? புஷ், ரப்பர் போன்றவற்றைத் தேய்மானச் சாமான் என்று ஒதுக்கியிருப்பார்கள், வாரண்டி புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் போங்கள். வாரண்டி முடிந்த வண்டிக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

பள்ளத்தில் விழுந்து ஆர்ம் வளைந்துவிட்டது. இன்சூரன்ஸ் கிடைக்குமா?

தேய்ந்து போனதற்குக் கிடைக்காது. பள்ளத்தில் விழுந்து வளைந்தது விபத்து, முழுக் காப்பீடு இருந்தால் கேட்கலாம். வண்டியை நகர்த்தும் முன் போட்டோ எடுங்கள். வழக்கமான பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் சாமான்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். இரும்புச் சாமானுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து: 5 வருடம் தாண்டி 10 வருடத்துக்குள் என்றால் 40 சதவீதம், 10 தாண்டினால் 50. தேய்மானக் கழிவு இல்லாத கூடுதல் கவர் எடுத்திருந்தால் பெரும்பகுதி மிச்சம். சின்னத் தொகைக்குக் கிளெய்ம் போட்டு நோ கிளெய்ம் போனஸை இழக்காதீர்கள், இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வண்டி அடி இடிக்கிறது. ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் பஃபர் வைக்கலாமா?

வேண்டாம். பஃபர் வைத்த சுருள் வேலை செய்யாது, மீதிச் சுருள்கள் கூடுதல் சுமையை வாங்கும், ஷாக் தன் கணக்குக்கு மீறி உழைக்கும். வண்டி அடி இடிக்கிறதென்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது பம்ப் ஸ்டாப் பொடிந்திருக்கிறது. அதை மாற்றுங்கள். ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ்த்துவது இன்னும் ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

புதுப்பேட்டையில் செகண்ட் ஹேண்ட், ரீகண்டிஷன் ஷாக் கிடைக்கிறதே?

சென்னையில் புது உதிரிபாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழையதற்குப் புதுப்பேட்டை. பின் டார்ஷன் பீம், நக்கிள், சப்ஃபிரேம் மாதிரி கனத்த இரும்பை, வளைவும் விரிசலும் இல்லாமல் இருந்தால், புதுப்பேட்டையில் வாங்குவதில் தவறில்லை. புதிதாக வாங்கினால் கண்ணைக் கட்டும் விலை. ஆனால் பழைய ஷாக், பழைய பால் ஜாயிண்ட், பழைய புஷ் எக்காரணம் கொண்டும் வேண்டாம். ரீகண்டிஷன் ஷாக் என்பது பல இடங்களில் ட்யூபில் துளை போட்டு, வேறு எண்ணெய் ஊற்றி, வெல்ட் வைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்தது. உள்ளே தேய்ந்த வால்வு தேய்ந்தபடியேதான் இருக்கும்.

லோக்கல் போட்டால் உண்மையில் எவ்வளவு மிச்சம்?

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். லோக்கல் லிங்க் ஜோடி 700 ரூபாய், ஓஇ 1,500. கூலி இரண்டுக்கும் 500. லோக்கல் எட்டு மாதத்தில் ஆடத் தொடங்கினால், இரண்டாவது முறை 700-ம் 500-ம் சேர்த்து மொத்தம் 2,400. ஓஇ 2,000-இல் முடிந்திருக்கும். லிங்க்கிலேயே இப்படி. அலைன்மென்ட்டும் சேரும் லோயர் ஆர்மில் வித்தியாசம் இன்னும் கூடும். கூலி அதிகமாகிற வேலையில் மலிவுச் சாமான் ஒருபோதும் மலிவில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு எல்லாம் ஒரே 18 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு முன் பலவற்றுக்கு 28 இருந்தது. பழைய எம்ஆர்பி ஒட்டிய பெட்டியைக் கையில் கொடுத்தால் புது விலையைக் கேளுங்கள்.

மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

இத்தனை கிலோமீட்டர் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். திருச்சி–சென்னை நான்குவழிச் சாலையிலேயே ஓடுகிற வண்டியும், தினமும் கல் குவாரிக்குப் போய் வருகிற வண்டியும் ஒன்றாகத் தேயாது. முன் மூலையைக் கையால் பலமாக அழுத்தி விடுங்கள். ஏறி ஒருமுறை இறங்கி நிற்க வேண்டும், ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் போய்விட்டது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்தபின், கடிகாரத்தின் 12-லும் 6-லும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். 9-லும் 3-லும் மட்டும் ஆட்டம் என்றால் டை ராட் பக்கம். டயரின் ஓரம் ஒரு பக்கமாகத் தேய்ந்தாலோ, அங்கங்கே கிண்ணம் மாதிரி குழி விழுந்தாலோ அதுவும் சஸ்பென்ஷன் அனுப்பும் கடிதம்தான்.

வண்டிக்கு 14 வயது. விற்கவே போகிறேன், இதற்கும் நல்ல பார்ட்டா?

லிங்க் எப்படியோ போகட்டும். பால் ஜாயிண்ட்டிலும் டை ராடிலும் மட்டும் மலிவு பார்க்க வேண்டாம். நாளை அதை வாங்கி ஓட்டப் போகிறவரும் யாரோ ஒரு வீட்டு மனிதர்தான்.

மெக்கானிக்கே பார்ட் வாங்கி வருகிறேன் என்கிறார். விடலாமா?

நம்பிக்கையான ஆள் என்றால் விடலாம், நல்ல மெக்கானிக்குக்குச் சரியான கடை தெரியும். ஆனால் பேச்சு முதலிலேயே தெளிவாக இருக்கட்டும்: எந்தப் பெயர், எந்தப் பார்ட் நம்பர், ஜிஎஸ்டி பில் உண்டா. பார்ட்டில் அவருக்கு ஒரு சிறு லாபம் கிடைக்கத்தான் செய்யும், அதை மறைமுகமாக எடுக்க வைப்பதைவிட கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பது நல்லது. பில் இல்லாமல் எந்தக் கம்பெனியும் உத்தரவாதத்துக்குத் தலையாட்டாது.

நீங்களே வாங்கிக் கொடுப்பதாக இருந்தால், சாமான் தப்பாகிப் போனால் மறுபடி கூலி யார் தருவது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். இதில்தான் அதிகம் சண்டை வரும். வேலை முடிந்ததும் கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். புஷ் கிழிந்திருக்கிறதா, ஜாயிண்ட் ஆடுகிறதா என்று கையிலேயே தெரியும். பார்த்து முடித்தபின் பழைய பால் ஜாயிண்ட்டை மட்டும் பட்டறையில் விட்டுவிடாமல் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அடுத்த முறை புதிதாக வாங்கும்போது, எடையையும் அளவையும் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.